ஆளி நாரும் கூலி லைனும்

கோலார் தங்கவயலில் பிறந்து வளர்ந்த இருவர் மும்பையிலோ தில்லியிலோ முதன்முறையாகச் சந்தித்துக்கொண்டால், ஊர்ப் பெயரைச் சொல்லி முடித்ததும் அடுத்து எழும் வினா ஒன்று உண்டு. "நீங்க எந்த லைன்?" என்பதே அது. எந்தத் தெரு என்றோ எந்தப் பேட்டை என்றோ அவர்கள் பெரும்பாலும் கேட்பதில்லை. மாரிகுப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் உரிகத்திலும் சுரங்கத் தொழிலாளர் குடும்பங்களில் பிறந்த தமிழருக்கு லைன்தான் தெரு, லைன்தான் அக்கம்பக்கம், ஒரே லைனில் வளர்ந்தவர் என்றால் பாதி உறவு. இத்தனை நெருக்கமாகிவிட்ட இச்சொல் தமிழும் அன்று, கன்னடமும் அன்று. ஆங்கிலத்தின் வழியாக வந்தது. ஆங்கிலத்துக்கும் அது சொந்தமன்று. எங்கே பிறந்து, யார் யார் கைமாறி, எந்தக் கோலத்தில் மாரிகுப்பத்துக்கு வந்து சேர்ந்தது என்பதைச் சிறிது ஆராய்வோம்.

லைன் என்பதற்கு இன்று கோடு, வரிசை, கம்பி, கயிறு, பாதை, வமிசம் எனப் பொருள்கள் பல. ஆங்கில அகராதிகளில் பக்கம் பக்கமாக இடம் பிடித்துக்கொள்ளும் சொற்களுள் அதுவும் ஒன்று. ஆயினும் அதன் மூலப் பொருள் மிக எளியது. இலத்தீன் மொழியில் 'லீனும்' என்றால் ஆளிச் செடி. நம் நாட்டு மருந்துக் கடைகளில் ஆளி விதை என்று வாங்குகிறோமே, அந்த விதையைத் தரும் செடிதான். நீல மலர் பூக்கும் அச்செடியின் தண்டை நீரில் ஊறவிட்டு, சதை அழுகிய பின் உலர்த்தி, அடித்து, சீவினால் நீண்ட நார் கிடைக்கும். அந்நாரை நூற்று நெய்த துணியே லினன். லீனும் என்னும் பெயரிலிருந்து, ஆளி நாரால் ஆன நூல் என்ற பொருளில் 'லீனெயா' என்ற சொல் தோன்றிற்று. கொத்தனும் தச்சனும் அந்த நூலை இழுத்துப் பிடித்து நேர் பார்த்தார்கள். நூல் காட்டிய நேர்மையைக் கல்லிலும் மரத்திலும் கீறினார்கள். நாளடைவில் நூலின் பெயர் கீற்றுக்கு ஆயிற்று. கோட்டுக்கும் அதுவே பெயர் என நிலைத்தது. கையால் தொடக்கூடிய கயிறு, கண்ணால் மட்டும் காணக்கூடிய கோடாக மாறிய இடம் இதுதான்.

உரோமாபுரி அறிஞர் பிளினி, கி.பி. முதல் நூற்றாண்டில் எழுதிய தமது இயற்கை வரலாற்றில் பத்தொன்பதாம் புத்தகத்தை ஆளிச் செடியைக் கொண்டே தொடங்குகிறார். நம் முசிறித் துறையைப் பற்றி எழுதியவரும், உரோமப் பேரரசின் செல்வம் ஆண்டுதோறும் இந்தியாவுக்குப் போய்விடுகிறதே என்று வருந்தியவரும் இவரேதாம். பிற்காலத்தில் பொன் எதிர்த்திசையில் கப்பலேறியதை அவர் கண்டிருந்தால் என்ன எழுதியிருப்பாரோ!

இலத்தீனும் இச்சொல்லுக்கு முதல் வீடு எனல் ஆகாது. கிரேக்கத்தில் 'லினோன்' என்று இது வழங்கிற்று. கிரேக்க நாட்டின் தென்மேற்கே பைலோஸ் என்னும் பழம் அரண்மனை இருந்த இடத்தில் களிமண் ஏடுகள் கிடைத்தன. ஏறத்தாழ 3,200 ஆண்டுகளுக்கு முந்தைய அரண்மனைக் கணக்குகள் அவை. எந்தச் சிற்றூர் எவ்வளவு ஆளி நார் வரியாகச் செலுத்த வேண்டும் என்பது அவற்றில் குறிக்கப்பட்டிருக்கிறது. நாரின் பெயர் அங்கே 'ரி-நோ' என்று எழுதப்பட்டுள்ளது. அவ்வெழுத்து முறையில் லகரத்துக்கும் ரகரத்துக்கும் வேறு வேறு குறிகள் இல்லாமையால் நாம் அதை 'லினோ' என்றே படித்துக்கொள்ளலாம். கோடு கோடாக இழுக்கப்பட்ட அந்த எழுத்துக்கு ஆய்வாளர் வைத்த பெயர் 'லீனியர் பி'. மைக்கேல் வென்ட்ரிஸ் என்னும் ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் 1952-இல் அதைப் படித்துக் காட்டினார். லைன் என்பதிலிருந்து பெயர் பெற்ற எழுத்திலேயே லைனின் மூதாதை ஒளிந்திருந்தது ஒரு வேடிக்கைதான்.

அதற்கும் முன்னே? கெல்திய, ஜெர்மானிய, சிலாவிய மொழிகளிலும் இதன் உறவுச் சொற்கள் உண்டு. இந்தோ ஐரோப்பியக் குடும்பத்துக்கே உரிய வேர்ச்சொல் என்பார் சிலர். மத்தியதரைக் கடலோரத்தில் முன்னர் வாழ்ந்த வேறு மக்களிடமிருந்து செடியோடு கூடவே பெற்ற சொல் என்பார் வேறு சிலர். செடியின் பழமையைப் பற்றி ஐயமில்லை. காகசஸ் மலைப்பகுதியில் ஜார்ஜியா நாட்டுக் குகை ஒன்றில், ஏறத்தாழ 30,000 ஆண்டுகளுக்கு முன்பு மனிதர் முறுக்கிய ஆளி நார்கள் கிடைத்ததாக 2009-இல் அறிவிக்கப்பட்டது. அவற்றுள் சில சாயம் தோய்ந்தவை. பயிர்த்தொழில் தோன்றுமுன்னரே மனிதன் கயிறு திரித்துவிட்டான் என்று தெரிகிறது.

இங்கே தமிழை ஒரு கணம் நினைத்துக்கொள்வது தகும். நாமும் நூலிலிருந்துதான் புறப்பட்டோம். வேறு திசையில் போய்விட்டோம். பஞ்சு நூல், கொத்தன் பிடிக்கும் நூல், கற்கும் நூல் என மூன்றுக்கும் நமக்குச் சொல் ஒன்றே. மரத்தின் கோணலை நீக்க உதவும் நூலைப் போல மனத்தின் கோணலை நீக்குவதால் ஏட்டுக்கும் நூல் என்று பெயர் வந்தது என நன்னூல் பாயிரம் காரணம் காட்டுகிறது. தச்சன் கையிலிருந்த அதே கயிறு உரோமனுக்குக் கோட்டைத் தந்தது, தமிழனுக்குப் புத்தகத்தைத் தந்தது.

ஆங்கிலத்துக்கு இச்சொல் இரு வழியாக வந்தது. இலத்தீனிலிருந்து மிகப் பழங்காலத்தில் ஜெர்மானிய மக்கள் பெற்ற வடிவம் ஆங்கிலோ-சாக்சன் மொழியில் கயிற்றையும் வரிசையையும் குறித்தது. 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்ற பின், பிரெஞ்சு 'லீன்யு' அதனோடு வந்து கலந்தது. இரு ஓடைகளும் சேர்ந்து இன்றைய லைன். உடன்பிறப்புகளோ பல. சட்டைக்கு உட்புறம் லினன் துணி வைத்துத் தைத்ததால் 'லைனிங்' என்றார்கள். ஆளி எண்ணெயைக் கொண்டு செய்த தரைவிரிப்புக்கு 'லினோலியம்' என்று பெயர். தந்தை, பாட்டன், முப்பாட்டன் என நூல் பிடித்தாற்போல் தொடரும் குலவழிக்கு 'லீனியேஜ்' என்கிறார்கள். பிரபுக்களின் மாளிகைகளில் பெருமையோடு சொல்லப்பட்ட சொல் அது.

படையினரும் இதனை எடுத்துக்கொண்டனர். போர்க்களத்தில் அணிவகுத்து நிற்பது லைன். பாசறையில் கூடாரங்களை அதே அணிவகுப்பில் அமைத்தார்கள். கூடார வரிசைக்கும் லைன்ஸ் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. இந்தியாவுக்கு வந்த ஆங்கிலேயப் படை தான் தங்கிய கண்டோன்மெண்டுகளில் சிப்பாய்களின் குடிசை வரிசைகளைச் சிப்பாய் லைன்ஸ் என்று அழைத்தது. படையினர் அல்லாத வெள்ளை அதிகாரிகள் வாழ்ந்த பகுதி சிவில் லைன்ஸ் ஆயிற்று. தில்லியில் வாழும் தமிழர்கள் சிவில் லைன்ஸ் என்ற பெயரைத் தினமும் கேட்கிறார்கள். மெட்ரோ ரயில் நிலையத்துக்கே அப்பெயர் உண்டு. பெரிய தோட்டமும் அகன்ற தாழ்வாரமும் கொண்ட பங்களாக்கள் அங்கே எழுந்தன. பெயரில்தான் லைன், உண்மையில் ஒவ்வொரு வீடும் தனித்தே நின்றது. ஒரே சொல்லை வேறு ஓர் அடைமொழியோடு சேர்த்தபோது என்ன நேர்ந்தது என்பதைத் தங்கவயலில் காணலாம். அங்கே ஆவணங்களில் ஏறிய பெயர் 'கூலி லைன்ஸ்'.

கூலி என்பது நம் சொல். திருக்குறளின் 619-ஆம் குறளில் அது வருகிறது. ஊழே துணைசெய்யாவிடினும் உடல் வருந்திய உழைப்புக்கு உரிய பயன் கிடைத்தே தீரும் என்று சொல்லுமிடத்தில், அந்தப் பயனுக்கு வள்ளுவர் இட்ட பெயர் கூலி. உழைப்பவனுக்குச் சேர வேண்டியது கூலி, உழைப்பவன் கூலியாள். தமிழில் இந்த வேறுபாடு என்றும் மறைந்ததில்லை. ஆங்கிலத்தில் அது மறைந்துவிட்டது. ஊதியத்தின் பெயரே ஆளின் பெயராகிவிட்டது. இச்சொல் தமிழிலிருந்தே சென்றது என்பது ஒரு கொள்கை. குஜராத்துப் பகுதியின் கோலி என்னும் மக்கட் பெயரிலிருந்து போர்த்துக்கேசியர் வழியாகப் பரவியது என்பது மற்றொரு கொள்கை. யூல், பர்னல் என்னும் இருவர் 1886-இல் வெளியிட்ட ஹாப்சன்-ஜாப்சன் அகராதி இரண்டையும் எடுத்துப் பேசுகிறது. கோலி என்னும் பெயரோடு தமிழ்க் கூலி வந்து கலந்திருத்தல் இயல்பே என்பது என் கருத்து. எப்படியாயினும், அது கப்பலேறி நெட்டால், மொரீசியசு, பிஜி, மலாயா என்று சுற்றி வந்தபோது வசைச்சொல்லாகிவிட்டது. தென்னாப்பிரிக்காவில் தம்மையே 'கூலி பாரிஸ்டர்' என்று அழைத்ததைக் காந்தியடிகள் தம் வரலாற்றில் பதிவு செய்திருக்கிறார்.

கூலிகளை மேய்த்த மேஸ்திரியும் வெளியூர்க்காரர்தாம். இலத்தீனில் ஆசானைக் குறித்த 'மகிஸ்தெர்' போர்த்துக்கேசிய மொழியில் 'மெஸ்த்ரெ' ஆகி, நம்மிடம் மேஸ்திரி ஆயிற்று. நம் வீட்டுச் சாவியும் மேசையும் அலமாரியும் ஜன்னலும் கூட அவ்வழியே வந்த இலத்தீன் சரக்குகளே. ஆசான் என்ற பட்டம் ஆள் பிடிப்பவருக்கு வந்து சேர்ந்ததை என்னென்பது!

இனி மாரிகுப்பத்துக்கு வருவோம். குப்பம் என்பது சிற்றூருக்கு வழங்கும் தமிழ்ப் பெயர். லைன் வருவதற்கு முன்பே அவ்வட்டாரத்தில் குப்பங்களும் இருந்தன, பொன் தேடுவோரும் இருந்தனர். திப்புவின் வீழ்ச்சிக்குப் பிறகு மைசூரின் எல்லைக் கோட்டை அளக்க வந்த லெப்டினென்ட் ஜான் வாரன், 1802-இல் இப்பகுதிக் கிராமத்தார் மண்ணைக் கழுவிப் பொன் எடுப்பதைக் கண்டு குறிப்பு எழுதினார். அக்குறிப்பைப் படித்துத் தூண்டப்பட்டவர் மைக்கேல் லாவெல் என்னும் அயர்லாந்துப் படைவீரர். 1873-இல் அவர் மைசூர் அரசிடம் சுரங்க உரிமம் கோரினார். 1880-களில் இலண்டன் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் பொறுப்பேற்றபின் தொழில் பெருகிற்று. வடஆர்க்காடு, சேலம், சித்தூர் மாவட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வந்தன. அவர்களுள் பெரும்பாலோர் ஊரில் நிலமில்லாத, சேரியில் ஒதுக்கப்பட்டிருந்த மக்கள். பௌரிங்பேட்டை என்று அன்று அழைக்கப்பட்ட பங்காரப்பேட்டையிலிருந்து சுரங்கப் பகுதிக்குக் கிளைப்பாதை ஒன்று 1894-இல் ஓடத் தொடங்கிற்று. அதன் கடைசி நிலையம் மாரிகுப்பம். 1902-இல் காவிரியின் சிவசமுத்திர அருவியிலிருந்து சுமார் 92 மைல் தொலைவுக்கு மின்கம்பி இழுத்து வந்தார்கள். அந்நாளில் உலகின் மிக நீண்ட மின்வழிகளுள் ஒன்று அது. ரயில் லைன், மின்சார லைன், கூலி லைன் என மூன்று லைன்களும் ஒரே தலைமுறையில் வந்து கூடின. மின்சாரம் முதலில் சென்றது சுரங்கத்து இயந்திரங்களுக்கு.

குடியிருப்பு எவ்வாறு இருந்தது? தொடக்கத்தில் மூங்கில் தட்டியே சுவர், மண்ணே தரை. பிறகு கல்லும் ஓடும் தகரமும் வந்தன. சுவரோடு சுவர் ஒட்டிய சிறு வீடுகளின் நீண்ட வரிசை. எதிரே அதே போன்ற மற்றொரு வரிசை. வரிசைக்குப் பொதுவாகக் குழாயும் கழிப்பிடமும். குப்பத்தில் வீடு மரத்தைப் பார்த்தும் இருக்கும், உறவினர் வீட்டைப் பார்த்தும் இருக்கும். லைனில் எல்லா வீடும் எதிர் வரிசையைப் பார்த்தே இருக்கும். நூல் பிடித்துக் கட்டினால் செலவு குறைவு, மேற்பார்வை எளிது. கொத்தனின் கயிறு இப்போது கணக்குப்பிள்ளையின் கயிறாகவும் ஆயிற்று. பூமிக்கடியில் பாறை வெடிக்கும் போதெல்லாம் வரிசை முழுதும் ஒருசேர அதிரும். 'ஏர் பிளாஸ்ட்' என்று அதற்குப் பெயர். எந்த ஷிப்டில் யார் இறங்கியிருக்கிறார்கள் என்று லைன் முழுவதுக்கும் தெரியும். ஆகவே அதிர்வு கேட்டதும் பெண்கள் சுரங்க வாயிலை நோக்கி ஓடுவார்கள். மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழத்தில் மனிதர் வேலை செய்த சுரங்கம் அது. கோடைக் காற்றில் சயனைடு மண் குன்றுகளின் தூசி லைனுக்குள் வந்து படிந்தது.

இத்தகைய வரிசையில் வாழ்ந்தோர் வரிசைக்குள் அடங்கிக் கிடந்தார்கள் என்று எண்ணினால் தவறு. 1907-இல் அயோத்திதாசப் பண்டிதர் சென்னையில் தொடங்கிய 'ஒரு பைசாத் தமிழன்' இதழுக்குத் தங்கவயல் உறுதியான வாசகக் களமாக இருந்தது. மாரிகுப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் சாக்கிய பௌத்த சங்கத்தின் கிளைகள் இயங்கின. பண்டிதர் 1914-இல் மறைந்த பிறகு, நின்றுபோன 'தமிழன்' 1926-இல் ஜி. அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு தங்கவயலிலிருந்தே மீண்டும் வெளிவந்தது. 1930-இல் தொழிலாளர் ஒவ்வொருவரும் கைரேகை பதிவு செய்ய வேண்டும் என்று நிருவாகம் கட்டளையிட்டபோது, ஆயிரக்கணக்கானோர் வேலையை நிறுத்தினர். குற்றவாளிகளிடம் எடுக்கும் ரேகையை எங்களிடம் ஏன் கேட்கிறீர்கள் என்பது அவர்கள் வினா. ரேகை என்றாலும் கோடுதான். நிறுவனம் இழுத்த கோட்டில் குடியிருந்தார்கள். தம் விரலில் இருந்த கோட்டைக் கொடுக்க மறுத்துவிட்டார்கள்.

தங்கவயலுக்கு வெளியேயும் இச்சொல்லுக்குத் தமிழ் வாழ்வு உண்டு. இலங்கை மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் அது லயன் ஆயிற்று. அங்கேயே லயம் எனவும் வழங்குகிறது. மலாயாவின் இரப்பர்த் தோட்டங்களிலும் லயம். மூணாற்றிலும் லயம், மலையாளிகளும் அப்படியே சொல்கிறார்கள். நிலம் என்பது நிலன் என்றும், கலம் என்பது கலன் என்றும் வருவதை நம் இலக்கணம் கடைப்போலி என்கிறது. லயன் லயம் ஆனது அதன் மறுதலை எனலாம். ஆங்கிலச் சொல்லுக்கு எவரும் சொல்லிக்கொடுக்காமலே தோட்டத் தொழிலாளர் தமிழ் ஈறு பூட்டினார்கள். குதிரை லாயத்தின் ஒலியும் அதில் கேட்கிறது. பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையில் ஒரு குடும்பம் முழுவதும் வாழ்ந்தவர்கள் அவ்வொலியைக் கேளாமல் இருந்திருக்க முடியாது. இலங்கைத் தோட்டங்களில் அந்த அறைகளுக்குத் தனி முகவரி இல்லை. கடிதங்கள் தோட்ட நிருவாக அலுவலகத்துக்கே வந்தன. அதனால் தனி வீடு என்ற இரு சொற்கள் மலையகத் தமிழரின் அரசியல் கோரிக்கையாகவே ஆகிவிட்டன. மூணாற்றை அடுத்த பெட்டிமுடியில் 2020 ஆகஸ்டு 6-ஆம் நாள் இரவு மலை சரிந்து லயங்களை மூடியபோது 70 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் தமிழர். வீடுகள் தனித்தனியாக இராமல் ஒரே வரிசையில் ஒட்டி நின்றதால் வரிசையே போயிற்று.

தங்கவயலில் சுரங்கம் 1956-இல் மைசூர் அரசுக்கும், 1962-இல் நடுவணரசுக்கும் கைமாறிற்று. 1972-இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் அமைந்தது. ஏறத்தாழ 800 டன் தங்கம் வெளியே எடுக்கப்பட்ட பின், 2001 பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கம் மூடப்பட்டது. கூலி போயிற்று, லைன் நின்றது. வேலையோடு வந்த வீட்டை வேலை போன பின்னும் விடாமல் பற்றிக்கொண்டு, அதைத் தம் பெயருக்கு எழுதித் தர வேண்டுமென்று பழைய தொழிலாளர் குடும்பங்கள் நெடுங்காலம் போராடின. இளைஞர்கள் விடியுமுன் மாரிகுப்பத்தில் ரயிலேறி, இரண்டு மணிக்கும் மேல் பயணம் செய்து பெங்களூரில் வேலை பார்த்து, இரவில் திரும்புகிறார்கள். கூலி லைன் என்ற முழுப் பெயரை இன்று அங்கே எவரும் சொல்வதில்லை. முதற்சொல் உதிர்ந்துவிட்டது. அஞ்சல் உறையின் மேல் வீட்டு எண்ணுக்கு அடுத்தபடியாக, முதல் லைன், நான்காம் லைன் என்று ஆளி நாரின் பெயர் மட்டும் எழுதப்படுகிறது.